மூன்றாவது மெஷினில் ஒட்டிய அம்பு

“இது எதுக்கு இங்க ஒட்டியிருக்கு?” என்று நடிகை நிரஞ்சனா ஒரு முறை என்னைக் கேட்டார். அவர் விரல் தொட்டுக்கொண்டிருந்தது ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதை ஒட்டியவள் நான்தான்.

யாராவது கேள்வி கேட்டால் நான் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுவேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். அப்பாவின் உடம்புதான் காரணம் என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். அது உண்மைதான். ஆனால் இனிமேல் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டாம் என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை. அங்கே வாயைத் திறக்க வேண்டியதில்லை. பீஸை விரித்து டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, தையல் விட்டதோ கண்ணில் பட்டால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும். சரிசெய்த பிறகுதான் அந்த அம்பைப் பிடுங்கலாம். அதற்கு முன்னால் பிடுங்கினால் அரை நாள் சம்பளம் போய்விடும். இந்தச் சட்டத்தைப் போட்டு, சுவரில் எழுதி மாட்டியவர் முதலாளி ரத்தினசாமி.

அப்பா தவசி சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். பேரையூர்ப் பக்கத்திலிருந்து நான் கைக்குழந்தையாக இருந்தபோது குடும்பத்தோடு திருப்பூர் வந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யாது என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து வாரம் இரண்டு நாள் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போய் வந்தோம். விடியும் முன்னே பஸ் ஏறி, வரிசையில் உட்கார்ந்து, மெஷினில் நாலு மணி நேரம் படுத்து, திரும்பி வர இருட்டிவிடும். ஒரு நாள் நான் போவேன், ஒரு நாள் அம்மா. வரும்போது பஸ்ஸில் அப்பா தோளில் சாய்ந்து தூங்குவார். அவருடைய தலை கனமாகவே இருக்காது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

அப்போதுதான் பல்லடம் ரோட்டில் இருக்கிற டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு ஐந்து டயாலிசிஸ் மெஷின் வருகிறது என்று கேள்விப்பட்டோம். கொடுத்தவர்கள் நடிகர் உதயசீலனும் அவர் மனைவி நிரஞ்சனாவும். சினிமாவில் ஏழெட்டுப் படத்தில் ஜோடியாக நடித்து, பிறகு நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டவர்கள். கணவர் இப்போதும் படத்தில் வருகிறார், மனைவி டிவி சீரியலில் மாமியாராக வருகிறார். டிரஸ்டுக்குத் தலைவர் எங்கள் முதலாளி ரத்தினசாமி. கம்பெனி ஆட்களில் நோயாளி இருந்தால் இலவசப் பட்டியலில் முதலில் எழுதச் சொன்னார். அம்மா கையெழுத்துப் போட்டாள். இரண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது, கோயமுத்தூரில் எழுதிக் கொடுத்து நின்றுவிட வேண்டும் என்றார்கள். அதையும் செய்தோம். அங்கே எங்கள் முறைக்கு அன்றைக்கே வேறு ஆள் வந்துவிட்டார்.

திறப்பு விழா புதன்கிழமை என்றார்கள். நடிகருக்குக் கால்ஷீட் ஒத்து வரவில்லை, வெள்ளிக்கிழமை என்றார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றார்கள். அவர்கள் கையால்தான் மெஷினை ஓட்டிவிட வேண்டும், அதற்கு முன்னால் யாருக்கும் போடக் கூடாது. நாலு நாளைக்கு ஒருமுறை மெஷினில் ஏற வேண்டிய அப்பாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு எட்டு நாள் ஆகியிருந்தது. கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று இரவு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார்.

சனிக்கிழமை மத்தியானம் செக்கிங்கிலிருந்து என்னையும் இன்னும் மூன்று பேரையும் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வார்டைத் துடைத்து, கட்டிலுக்கு விரிப்புப் போட்டு, மெஷினுக்கெல்லாம் ரிப்பன் கட்ட வேண்டும். முதலாளி வீட்டு விசேஷம் எதுவானாலும் செக்கிங் பெண்களைத்தான் அனுப்புவார்கள், கை சுத்தமாக இருக்குமாம். அங்கே நர்ஸ் ரோஸ்மேரி இருந்தார். சாத்தான்குளத்துக்காரர். கோயமுத்தூரில் அப்பாவுக்கு ஊசி குத்தினவரே அவர்தான், புது வார்டுக்கு வேலை மாறி வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், துடைக்கிறதைப் பார்த்துத் துடைக்கச் சொன்னார். முதல் இரண்டு மெஷின்தான் ஓடும், மற்ற மூன்றுக்கும் தண்ணீர் வராது என்றார்.

டயாலிசிஸ் மெஷினுக்குச் சுத்தமான தண்ணீர் ஏராளமாக வேண்டும். சாயக்கழிவு கலந்த இந்த ஊர் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று இந்த ஊர்க்காரருக்குச் சொல்லவே வேண்டாம். சுத்தம் பண்ணுகிற பிளான்ட் மொட்டை மாடியில் இருக்கிறது, பழசு, இரண்டு மெஷினுக்குத்தான் பத்தும். பெரிதாகப் போட வேண்டும் என்று ரோஸ்மேரி இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

“மெஷின் குடுத்தா மேல பேர் எழுதலாம் பிள்ள. மொட்டமாடி டேங்க்ல பேர் எழுதுனா காக்காதான் படிக்கும்” என்றார்.

நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஸ்டிக்கர் ரோல் என் சுடிதார் பாக்கெட்டிலேயே இருந்தது. எப்போது எடுத்தேன், எப்போது ஒட்டினேன் என்று எனக்கே தெரியாது. மூன்றாவது மெஷின், நாலாவது, ஐந்தாவது என மூன்றிலும் கண்ணாடித் திரைக்குக் கீழே ஒவ்வொரு அம்பு ஒட்டியிருக்கிறேன். பழுது என்று தெரிந்த பொருளைத் துடைத்துவிட்டு அம்பு ஒட்டாமல் நகர என் கைக்குத் தெரியாது. இராத்திரி சோற்றில் கை வைத்தபோதுதான் நினைவு வந்தது. முதலாளி கண்ணில் பட்டால் அது யார் வேலை என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். ஊரில் வேறு யாரிடமும் அந்த அளவில் அந்த அம்பு கிடையாது, எங்கள் கம்பெனிக்கென்றே அச்சடித்தது. பட்டியலிலிருந்து அப்பா பெயரை அடிக்க அவருக்கு ஒரு பேனா போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா பாண்டியம்மாளுக்கு அவசர ஷிப்மென்ட், வர முடியவில்லை. வார்டுக்குள் போனதும் ஸ்டிக்கர்களைப் பிடுங்கிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். உள்ளே வெள்ளை டீ-சர்ட் போட்ட ஆட்கள் நிறைய நின்றார்கள். அந்த டீ-சர்ட்டும் எங்கள் கம்பெனிதான். நெஞ்சில் நடிகரும் நடிகையும் சிரிக்கிற படம். அறுநூறு பீஸில் பாதி நான் செக் செய்தது. நடிகையின் ஒரு கண் மை கலைந்து வந்த பீஸ்களைத் தனியே ஒதுக்கினோம், இருபத்தெட்டு இருந்தது.

ஐந்து கட்டிலிலும் ஐந்து பேரைப் படுக்க வைத்தார்கள். முதல் கட்டிலில் ஒரு மூலனூர்க்காரர். இரண்டாவதில் கிட்டுசாமி, முதலாளியின் தாய்மாமன், குன்னத்தூரில் தோட்டம் துரவு உள்ளவர். மூன்றாவதில் அப்பா, பக்கத்தில் நான்; டீ-சர்ட் ஆட்கள் பார்த்துக்கொண்டே இருந்ததால் அம்பில் கை வைக்க முடியவில்லை. நாலிலும் ஐந்திலும் படுத்தவர்கள் முந்தாநாள்தான் வேறு இடத்தில் முடித்துவிட்டு வந்தவர்கள், அவர்கள் முறை திங்கட்கிழமைதான். முதல் இரண்டு மெஷின் நிஜமாக ஓடும். மற்ற மூன்றில் விளக்கு மட்டும் எரியும். கையில் துணி போட்டு மூடி, டியூபை அதற்குள் செருகி வைத்தார்கள். விழா முடிந்து, முதல் இரண்டு பேருக்கும் நாலு மணி நேரம் ஆனதும் அப்பாவுக்கு நிஜமாகப் போடுவதாக ஏற்பாடு. பத்து மணிக்கு ஆரம்பித்தால் இரண்டு மணிக்கு அப்பா முறை. அப்படித்தான் என்னிடம் சொன்னார்கள். தவசியை இரண்டாவதில் போட வேண்டும் என்று ரோஸ்மேரி கேட்டுப் பார்த்தாராம். மாமாவைப் போட்டோவில் பின்னால் தள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

பத்து மணியாயிற்று, பன்னிரண்டாயிற்று. கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டார்கள். வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடிகரை இறக்கி ஆசீர்வாதம் வாங்குகிறார்களாம். அப்பாவால் படுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தால் டியூப் துணியை விட்டு வெளியே வந்துவிடும், அதனால் மூன்று தலையணையைக் கொடுத்துச் சாய வைத்தார்கள். பக்கத்துக் கட்டில் கிட்டுசாமி மட்டும் சலிக்காமல் பேசிக்கொண்டிருந்தார்.

“ஏப்பா தவசி, உன்ற மெஷின்ல லைட்டு எரியுது. என்றதுல உப்புத்தண்ணி ஓடுது. ரெண்டு பேருக்கும் ரத்தம் ஓடுல போ.”

அப்பா சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. கிட்டுசாமி அவருடைய வீங்கிய காலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

இரண்டேகால் மணிக்கு வெடிச்சத்தம் கேட்டது. வந்துவிட்டார்கள். முதலாளி ரத்தினசாமி முன்னால் கூட்டிக்கொண்டு வந்தார். உதயசீலன் உள்ளே நுழைந்ததும் வார்டே அவருடையது மாதிரி ஆகிவிட்டது. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மூலனூர்க்காரரின் கன்னத்தைத் தட்டினார். ரோஸ்மேரி காட்டிய பட்டனை இருவரும் சேர்ந்து அழுத்தினார்கள். மூலனூர்க்காரரின் டியூபில் ரத்தம் சிவப்பாக ஏறியது, எல்லோரும் கை தட்டினார்கள். கிட்டுசாமியோடு நாலு போட்டோ. பிறகு நடிகர் அப்பாவிடம் குனிந்து, நல்லா ஓடுதுங்களா ஐயா என்று கேட்டார்.

“நல்லா ஓடுதுங்க” என்றார் அப்பா. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே தடவையில் சொன்னார்.

நடிகர் நாலாவது கட்டிலுக்கு நகர்ந்தார். கேமராக்களும் நகர்ந்தன. நிரஞ்சனா மட்டும் நின்றார். டீ-சர்ட்டில் முந்நூறு முறை பார்த்த முகம். நேரில் கண்ணுக்குக் கீழே பவுடருக்கு அடங்காத கருப்பு இருந்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார், அவருக்கும் கால் வலி போல. அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்தார். சுழல வேண்டிய பம்ப் சுழலாமல் நின்றதைப் பார்த்தார். பிறகுதான் அம்பைத் தொட்டு என்னைக் கேட்டார்.

ஒன்றுமில்லீங்க என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்கு அவர் போயிருப்பார். அப்பாவும் கண்ணால் அதைத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அந்த அம்பைப் பற்றி வேறு பதில் தெரியாது. செக்கிங்கில் சேர்ந்த முதல் நாளிலிருந்து அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“டேமேஜுக்கு ஒட்டறதுங்க.”

“இது டேமேஜா?”

“ஓடாதுங்க. தண்ணி பத்தாதுங்க. ரெண்டுதான் ஓடும்.”

அவர் மெதுவாகத் துணியை விலக்கி அப்பாவின் கையைப் பார்த்தார். ஊசி இல்லை. மணிக்கட்டுக்கு மேலே, ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் பண்ணிப் புடைத்திருக்கிற நரம்பில் இரண்டு விரலை வைத்தார். அந்த இடத்தில் வைத்தால் ரத்தம் ஓடுவது பூனை உறுமுகிற மாதிரி விரலில் அதிரும். அது தெரிந்தவர்கள்தான் அப்படி வைப்பார்கள். எப்போது கடைசியாக ஏறினார் என்று கேட்டார். எட்டு நாள் ஆயிற்று என்றேன். அப்பாவின் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. அது நிரம்பவே இல்லை.

“எங்கம்மாவுக்கு மூணு வருஷம்” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

அதற்குள் முதலாளி வந்து, வெளியே பந்தலில் மைக் தயாராக இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் போனதும் அப்பா என்னைப் பார்த்தார். கோபமில்லை, களைப்புதான்.

“ஏந்தாயி சொன்ன” என்றார். “கொஞ்சம் பொறுத்திருந்தா போட்டிருப்பாகல்ல.”

பந்தலிலிருந்து ஒலிபெருக்கியில் நிரஞ்சனாவின் குரல் வந்தது. எழுதிக் கொடுத்ததைப் படித்தார். இந்தத் தொழில் நகரத்தின் உழைப்பாளிகளுக்கு என்று ஆரம்பித்து, ஐந்து மெஷின்களும் என்று வந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு மீதியையும் அப்படியே படித்து முடித்தார். கை தட்டினார்கள். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். நான் வாயைத் திறந்தது வீண். இனி ஆறரை மணிக்குத்தான் அப்பா முறை, அதுவும் பெயர் இருந்தால்.

கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வார்டு வாசலில் நிரஞ்சனா வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஸ்டூலை இழுத்து அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னாலேயே முதலாளி ஓடி வந்தார். ஏதாவது மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். பொள்ளாச்சியில் ஷூட்டிங் இருக்கிறது, வெளிச்சம் போய்விடும், சார் காரில் காத்திருக்கிறார் என்றும் சொன்னார்.

“அவரை முன்னாடி போகச் சொல்லுங்க. இந்தப் பெட்டுக்கு ஆரம்பிக்கிறதைப் பார்த்துட்டு நான் வர்றேன்.”

சாயங்காலம் கட்டாயம் போட்டுவிடுகிறோம் என்றார் முதலாளி. தண்ணீர் பிளான்ட் விஷயத்தை இந்த மாதமே பார்ப்பதாகச் சொன்னார். டிரஸ்டில் எத்தனை தொல்லை, எத்தனை கையெழுத்து என்றெல்லாம் சொன்னார். பொய் சொன்ன மாதிரி தெரியவில்லை. அவரும் காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை, உதடு காய்ந்திருந்தது. நிரஞ்சனா ஸ்டூலை விட்டு எழவில்லை. வெளியே கார் இரண்டு தடவை ஹாரன் அடித்தது.

அப்போதுதான் இரண்டாவது கட்டிலில் கிட்டுசாமி எழுந்து உட்கார்ந்தார். கை மேல் கிடந்த துணியைத் தானே எடுத்துப் போட்டார். அதற்குள்ளும் ஊசி இல்லை.

“ஏனுங் மாப்ள, எனக்கு நேத்துத்தான கோயமுத்தூர்ல முடிஞ்சுது. நா போட்டோவுக்குப் படுத்தவன். போட்டோ ஆச்சுங்களே.”

“மாமா, நீங்க சும்மா இருங்க” என்றார் முதலாளி.

“சும்மாதானுங்க காத்தாலேருந்து இருக்கறேன்” என்று சொல்லிவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். ரோஸ்மேரியைப் பார்த்து, “கண்ணு, அவனை இதுல மாத்து. படுக்கை சூடாத்தான் இருக்குது” என்றார்.

ரோஸ்மேரி யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. நானும் அவரும் அப்பாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாற்றினோம். கிட்டுசாமி தலையணை மூன்றையும் கொண்டுவந்து வைத்தார். ஊசி குத்தும்போது நான் எப்போதும் திரும்பிக்கொள்வேன், அன்றைக்கும் திரும்பிக்கொண்டேன். திரும்பிய பக்கத்தில் முதலாளி நின்றார். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்ப் சுழல்கிற சத்தம் கேட்டதும் மறுபடி பார்த்தேன். டியூபில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கை தட்ட யாரும் இல்லை. கரண்ட் திரும்ப வந்து, வெளியே ஜெனரேட்டர் நின்றது.

நிரஞ்சனா எழுந்தார். தண்ணீர் பிளான்டுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பச் சொன்னார். அதில் பேரெல்லாம் போட வேண்டாம் என்றும் சொன்னார். நன்றிக்கு அவர் நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார்.

கிட்டுசாமி பெஞ்சில் படுத்து உடனே தூங்கிவிட்டார். அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு இன்னும் சீராகவில்லை, அதற்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். அப்போது முதலாளி ரத்தினசாமி திரும்ப உள்ளே வந்தார். நிரஞ்சனா எதைத் தொட்டு என்ன கேட்டார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நேராக மூன்றாவது மெஷினுக்குப் போனார்.

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நாலாவதையும் ஐந்தாவதையும் பார்த்தார். பட்டியல் தாள் சுவரில் ஒட்டியிருந்தது. அதில் அப்பா பெயர் ஏழாவது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் திரும்ப மூன்றாவது மெஷினுக்கு வந்து, நகத்தால் கீறி அம்பைப் பிடுங்கினார். அது அவர் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. விரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, கம்பெனியில் பீஸைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்பாவின் டியூபைப் பார்த்தார். பிறகு அந்த அம்பைப் பிடுங்கின இடத்திலேயே வைத்து, கட்டை விரலால் நாலு முறை அழுத்தித் தேய்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சுவரில் இருந்த பட்டியலைத் தொடாமல் வெளியே போனார்.